அறுவடை செய்தவரின் கூலி



அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அமெரிக்க நாட்டு வயல்களில் அது அப்படியே நடந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-இல், அமெரிக்கா மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் பண்ணையாட்களை வரவழைத்தது. ‘பிராசெரோ’ திட்டம் என்று அதற்குப் பெயர். தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் தரப்படும் என்றார்கள். பலருக்கு அது கிடைக்கவே இல்லை. 1964-இல் திட்டம் நின்றது. ஆள் தேவை நிற்கவில்லை. ஒப்பந்தத்தோடு வந்தவர்கள் பிறகு ஆவணமின்றி வந்தார்கள், பண்ணைக்காரர்களும் சேர்த்துக்கொண்டார்கள்.

1986-இல் வந்த சட்டம் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்குத் தங்கும் உரிமை அளித்தது. இனி ஆவணமில்லாதவரைத் ‘தெரிந்தே’ வேலைக்கு வைத்தால் தண்டனை என்றும் சொன்னது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முதலாளிகள் பலர் தப்பினர். பருவகால வேலைக்கு விசா உண்டு. ஆண்டு முழுவதும் பால் கறப்பவருக்கு அது கிடையாது. இன்றும் அங்கே பயிர்வேலை செய்யும் பத்துப் பேரில் சுமார் நான்கு பேருக்கு உரிய ஆவணம் இல்லை. ஆனால் 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, பண்ணை வேலை அத்தியாவசியப் பணி என்று அதே அரசு அறிவித்தது.

அப்படியானால் ஒரு நாடு தன் எல்லையைக் காக்கக் கூடாதா? காக்கலாம். திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2241-இல், இரு பக்கத்தையும் சொல்கிறது. வளமான நாடுகள் பிழைப்பு தேடி வருவோரை இயன்றவரை வரவேற்க வேண்டும். பொதுநலன் கருதி நிபந்தனை விதிக்கலாம். வருவோரும் அந்நாட்டுச் சட்டங்களை மதிக்க வேண்டும். ஆனால் ஒருவருடைய உழைப்பு வேண்டும், அவர் வரச் சட்டப்படி வழி மட்டும் தரமாட்டோம் என்றால், அவர் அச்சத்திலேயே வாழ்வார். கூலி குறைந்தாலும் புகார் சொல்லமாட்டார். அந்த அச்சத்தில் இலாபம் பார்ப்பது பாவம்.

இதைக் கேட்டுவிட்டு அமெரிக்காவைக் குறைசொல்வது எளிது. நம் ஊரில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வரும் வடமாநிலத்தவர் இந்நாட்டுக் குடிமக்கள்; அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும், மொழி தெரியாதவர் எதிர்த்துக் கேட்கமாட்டார் என்று கூலியைக் குறைக்கிறோமா? அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது இணைச்சட்டம். இந்த வாரம் நாம் யாருக்காவது கூலி பாக்கி வைத்திருந்தால், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வருமுன் கொடுத்துவிடுவோம்.

அந்நியராய் எகிப்தில் வாழ்ந்த இயேசுவே, உழைப்பவரில் உம்மைக் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். ஆமென்.