21,000 ரூபாய் போட்டு வளர்த்த வெளிநாட்டுப் புல்: போளூர் வெயிலில் லான் வைக்க உண்மையில் எவ்வளவு ஆகும்?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, தங்கம் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. வீட்டு முன்னாடி வளர்க்கும் புல்லைப் பத்திப் பேசப் போறோம். "பணத்தைப் பத்திப் பேசுற சேனல்ல புல் எதுக்கு?" என்று கேட்பீங்க. புது வீடு கட்டி முடித்த கையோடு, கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி பலரும் யோசிக்காமல் பணம் போடுவது இந்த லான் விஷயத்தில்தான். நானும் போட்டேன். என் கணக்கு நோட்டை அப்படியே உங்க முன்னாடி வைக்கிறேன்.

எங்க வீடு போளூரில். வீட்டு முன்னாடி 500 சதுர அடி காலி இடம். அதில் அருகம்புல்லும் கோரையும் தானாக முளைத்துக் கிடந்தது. அக்கா வீட்டுக்காரர் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறார். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் வீட்டு லானைப் புதுப்பித்து எனக்குப் போட்டோ அனுப்புவார். பில்லியர்ட்ஸ் டேபிள் மாதிரி இருக்கும். "என்ன புல் மாமா இது?" என்று கேட்டேன். ரை கிராஸ், ஃபெஸ்க்யூ, புளூ கிராஸ் கலந்த விதை என்றார். ஆன்லைனில் தேடினால் நம்ம ஊருக்கும் டெலிவரி இருக்கு. அவ்வளவுதான், ஆர்டர் போட்டாச்சு.

செலவைப் பாருங்க. பழைய புல்லைத் தோண்டி எடுக்க 2 ஆள், 2 நாள்: 2,800. ஒரு டிராக்டர் செம்மண்: 3,500. தொழு உரமும் மணலும்: 3,000. விதை 2 கிலோ: 3,800. ஸ்பிரிங்ளர், ஹோஸ்: 2,400. கையால் தள்ளும் புல் வெட்டும் மெஷின்: 5,500. மொத்தம் 21,000 ரூபாய். இது எங்கே இருந்து வந்த பணம் தெரியுமா? வீட்டம்மாவோட 3 பவுன் செயினை மீட்க எடுத்து வைத்திருந்த பணம். 9 சதவீத வட்டியில் நகைக்கடன் ஓடிக்கிட்டு இருக்கும்போது நான் புல் விதை வாங்கினேன். அந்த 21,000-க்கு வருஷத்துக்கு 1,890 ரூபாய் வட்டி தனி. அதை நோட்டில் எழுத எனக்கு ரொம்ப நாள் மனசே வரலை.

தீபாவளி மழை முடிந்து விதைத்தோம். ஒரே வாரத்தில் முளைப்பு. மார்கழி பூரா வாசலில் கோலம் போட வந்தவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போனாங்க. தை வரைக்கும் ராஜா மாதிரி இருந்தது. மாசியில் நுனி மஞ்சள். "தண்ணி பத்தலை போல" என்று ஹோஸைத் திறந்து விட்டேன். பங்குனியில் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. சித்திரை பிறந்தபோது வெறும் மண். பக்கத்துத் தெருவில் தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "தம்பி, இது பனிக்குப் பொறந்த புல்லு. நம்மூரு வெயிலுக்கு நிக்குமா?" என்றார். அந்த ஒரு வரியை விதை வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தால் 21,000-இல் பெரும்பகுதி மிச்சம்.

விஷயம் இதுதான். உலகத்தில் லான் புல் ரெண்டு ஜாதி. குளிர்காலப் புல் ஒன்று: ரை, ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூ கிராஸ். இதுக்கு 15 முதல் 24 டிகிரி வெப்பம் இருந்தால் சொர்க்கம். விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் 2001-இல் இருந்து முழுக்க ரை கிராஸ்தான், 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைக்கிறாங்க. இன்னொன்று வெயில்காலப் புல்: அருகம்புல், கொரியன் கிராஸ், பஃபலோ கிராஸ். இதுக்கு 27 முதல் 35 டிகிரி வேணும். நர்சரியில் "பெர்முடா" என்று விற்கிறாங்களே, அது வேற யாருமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்ம அருகம்புல் குடும்பம்தான். உலகம் முழுக்க வெப்பமான ஊர் மைதானங்களில் ஓடுவது இந்தப் புல். நான் கூலி கொடுத்துத் தோண்டி வெளியே போட்டதும் இதையேதான்!

"ஊட்டியில் பச்சைப் பசேல்னு இருக்கே?" என்று கேட்பீங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும். போளூருக்கும் ஊட்டிக்கும் 13 டிகிரி வித்தியாசம் அங்கேயே வந்துடுது. 1848-இல் கியூ தோட்டத்தில் இருந்து வந்த மெக்ஐவர் உருவாக்கிய அரசு தாவரவியல் பூங்கா அது. அங்கே நீங்க உட்கார்ந்து போட்டோ எடுத்த புல்லும் பெரும்பாலும் கிக்குயு, கிழக்கு ஆப்பிரிக்க மலைப் புல். அதுவும் சும்மா வளரலை. மே மாத மலர் கண்காட்சிக்கு முன்னாடி புல்தரையில் யாரையும் நடக்க விடாமல் அடைத்து வைத்துப் பராமரிக்க ஆட்கள் இருக்காங்க.

இன்னும் சிலர், "ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் இடம் வாங்கியிருக்கேன், அங்கே குளிருமே" என்பாங்க. மார்கழி ராத்திரி குளிரும், உண்மைதான். ஆனால் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கும் இடமே சுமார் 725 மீட்டர்தான். ஜவ்வாது மலையின் உயரமான பகுதிகள்கூட ஊட்டியில் பாதி உயரம் போல. சித்திரை வெயிலை அந்த உயரம் தடுக்காது. குளிர்காலப் புல்லுக்கு அங்கேயும் பணம் போடாதீங்க.

தண்ணீர் கணக்கு

என்னை அதிகமாகச் சுட்டது விதை விலை இல்லை, ஹோஸ். காய்கிற புல்லைக் காப்பாத்த மாசியில் இருந்து தினமும் ஒரு மணி நேரம் போர் மோட்டார் ஓட்டினேன். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும் என்று வையுங்க. 60 நாளைக்கு 90 யூனிட். நம்ம மின் கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. இப்போ இருக்கும் முறையில் 500 யூனிட் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த குறைந்த ரேட்டும் போயிடும். கோடையில் ஏசி ஓடுகிற வீட்டில் 480-இல் நிற்கிற மீட்டரை என் ஹோஸ் 570-க்குத் தள்ளி விட்டது. பில்லைப் பார்த்துட்டு மீட்டர் ஓடுதா, பறக்குதா என்று போய்ப் பார்த்தேன்.

சரி, புல்லுக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேணும்? கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகுது என்று வைத்தால், 500 சதுர அடிக்கு 232 லிட்டர். வாரத்துக்கு 1,600 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றரை. எங்க போர் மணிக்கு 2,000 லிட்டர் தருது. வாரம் பூரா சேர்த்து 48 நிமிஷம் ஓட்டினால் போதும்! நான் ஓட்டினது 7 மணி நேரம். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. சரியா ஓட்டியிருந்தால் ரெண்டு மாசத்துக்கு 10 யூனிட் சொச்சம்தான் ஆகியிருக்கும். கரண்ட் காசை விடுங்க, அந்தத் தண்ணீர் நமக்கு மட்டும் சொந்தமா? வைகாசியில் பக்கத்து வீட்டுக் கிணறு இறங்கினபோது அவங்க முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருந்தது.

அளக்க மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். நேராக நிற்கும் எவர்சில்வர் டம்ளர் மூணு நாலு எடுத்து லானில் அங்கங்கே வையுங்க, ஸ்பிரிங்ளரைத் திறங்க. டம்ளரில் ஒன்றேகால் சென்டிமீட்டர் நிற்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க. அந்த நிமிஷத்தை வாரம் 3 தடவை, விடியற்காலையில் மட்டும். மழை வாரத்தில் மோட்டாரைத் தொடவே வேண்டாம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுத்தும், வெயிலுக்கு முதலில் சாகும்.

தோண்டாமல் புதுப்பிக்கிறது எப்படி?

சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை பெய்தது. பத்து நாளில் அந்த வெறும் மண்ணில் பச்சை எட்டிப் பார்த்தது. என்ன தெரியுமா? அருகம்புல்! ரெண்டு ஆள் ரெண்டு நாள் தோண்டியும் மண்ணுக்குள்ள கிழங்குக் கொடி மிச்சம் இருந்திருக்கு. காசு கொடுத்து விரட்டினது சும்மாவே திரும்பி வந்தது. அதுக்கப்புறம்தான் பெரியவரைக் கூப்பிட்டு, இருக்கிற புல்லையே சரி பண்ணினோம்.

நேரம் முக்கியம். மாமா ஊரில் செப்டம்பர் என்றால் நமக்கு ஆனி, ஆடி. வெயில்காலப் புல் வேகமாக வளரும் மாசத்தில்தான் அதைத் தொந்தரவு பண்ணணும். முதலில் புல்லை ஒட்ட வெட்டி, காய்ந்த சருகை வாரி எடுத்தோம். அடுத்து கடப்பாரையால் அரை அடிக்கு ஒரு குத்து, மூணு விரல் ஆழம். நடந்து நடந்து இறுகின மண்ணில் காத்தும் தண்ணியும் இறங்க இதுதான் வழி. பிறகு சலித்த மணலும் மக்கிய எருவும் பாதிப்பாதி கலந்து கால் அங்குலத்துக்குத் தூவினோம். இங்கே ஒரு கணக்கு: 500 சதுர அடிக்குக் கால் அங்குலம் என்றால் 10 கன அடிதான், எட்டு ஒன்பது சிமெண்ட் சாக்கு. "ஒரு டிராக்டர் லோடு வேணும் சார்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்க. வெளி மண் வந்தால் அதோட கோரைக் கிழங்கும் பார்த்தீனியம் விதையும் இலவசமா வரும்.

வழுக்கைத் திட்டுகளில் ஓரத்தில் இருந்தே வேரோடு கொடியை எடுத்து, அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினோம். விதை வாங்கலை. மூணு வாரம் கழித்து அரைக் கிலோ யூரியா தூவி உடனே தண்ணீர். 500 சதுர அடிக்கு அதுக்கு மேலே போட்டால் புல் எரியும். கோரையைப் பிடுங்கும்போது கிழங்கோடு வரணும், மேலே கிள்ளினால் ஒன்று நாலாகும். இதுக்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது, காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து எடுக்கிறதுதான்.

எரு, மணல் 1,800. ஒரு நாள் கூலி 700. யூரியா, சில்லறை 100. மொத்தம் 2,600 ரூபாய். புரட்டாசிக்குள் இடம் மூடிடுச்சு. மாமரத்து நிழலில் மட்டும் அருகு வரலை, அங்கே நர்சரியில் பஃபலோ கிராஸ் கொஞ்சம் வாங்கி ஊன்றினேன், அது நிழல் தாங்கும். முழு நிழலில் எந்தப் புல்லும் வேண்டாம், ஜல்லி போட்டு ரெண்டு தொட்டி வையுங்க.

வெட்டும்போது மூணில் ஒரு பங்குக்கு மேலே வெட்டாதீங்க. வெட்டின தூளை அங்கேயே விடுங்க, அதுவும் உரம்தான். நீங்களே வெட்டினால் செலவு பெரிசா இல்லை. ஆள் வைத்தால் தடவைக்கு 500, மாசம் ரெண்டு தடவை, எரு, மருந்து, கரண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 1,500 என்று வையுங்க. அதே 1,500-ஐ போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் 6.7 சதவீதத்தில் 5 வருஷம் போட்டால் கையில் வருவது சுமார் 1,07,000. லான் வைக்காதீங்கன்னு சொல்லலை. எங்க வீட்டுப் பிள்ளைங்க சாயங்காலம் போனைத் தூக்கிப் போட்டுட்டு அதில்தான் உருண்டு விளையாடுதுங்க. ஆனால் 500 சதுர அடி வேணுமா, 200 போதுமா என்பதை அந்த 1,07,000-ஐப் பக்கத்தில் எழுதி வைத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க. நான் இப்போ 300-ஆகக் குறைத்துட்டேன். மீதியில் கறிவேப்பிலையும் முருங்கையும்.

கனடா, லண்டனில் இருந்து படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. உங்க லான் ஜூலையில் பழுப்பானால் பதறி புதுப் புல் ரோல் வாங்காதீங்க, குளிர்காலப் புல் அப்போ தூங்கும், பெரும்பாலும் மழை வந்தால் எழுந்துக்கும். ஆகஸ்ட் கடைசியில் இருந்து செப்டம்பர் நடுவுக்குள் துளை போட்டு, மேலே விதை தூவுங்க, 3 அங்குலம் உயரமா விடுங்க. ஒன்டாரியோவில் 2009-இல் இருந்து அழகுக்காகக் களைக்கொல்லி அடிக்கத் தடை இருக்கு, அதனால் அடர்த்தியான புல்தான் அங்கே களைக்கு மருந்து.

போன செப்டம்பரில் மாமா போன் பண்ணி, "என்ன மச்சான், இந்த வருஷம் விதை போட்டாச்சா?" என்று கேட்டார். "இல்ல மாமா, செயினை மீட்டாச்சு" என்றேன். அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. மண் சலித்துத் தூவுவதையும் டம்ளர் அளவையும் நேரில் பார்க்கணும்னா, இந்த ஆடியில் எடுத்த வீடியோ நம்ம சேனலில் இருக்கு.