பாத்ரூம் பூசணமும் பையனின் இருமலும்

எங்கள் சென்னை ஃபிளாட் பாத்ரூமில் நான்கு சுவர். பூசணம் பிடித்தது ஒன்றில் மட்டும்தான். இதை நான் இரண்டு வருஷம் கவனிக்கவே இல்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்தால் சின்னவனுக்கு ராத்திரி இருமல் வந்துவிடும், சில நாள் நெபுலைசர் வரைக்கும் போகும். "சுவத்துல கறுப்பு ஏறுறப்பதான் இவனுக்கு இருமலும் ஏறுது, பாத்தீங்களா?" என்று கேட்டது என் மனைவி.

உடனே ஆராய்ச்சி செய்யாமல் வீரத்தைக் காட்டினேன். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன். போகாத இடத்தில் டாய்லெட் ஆசிட் ஊற்றினேன். கண் எரிந்து, மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தேன். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், கதவைத் திறந்து வைத்துக்கூட வேண்டாம். இத்தனைக்கும் மூன்றே வாரத்தில் கறுப்பு திரும்பி வந்துவிட்டது.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரம், பூஞ்சணம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா அதிகம் என்கிறது அது. ஆனால் "இவ்வளவு பூஞ்சணம் வரை பரவாயில்லை" என்று எண் எதுவும் தரவில்லை. ஈரத்தை நிறுத்து, அவ்வளவுதான். செத்த பூஞ்சணமும் அலர்ஜி தரும் என்பதால், மருந்தடித்து அப்படியே விடுவதில் பயனில்லை.

சரி, அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஏன் ஈரம்? குழாய் எதுவும் அதில் ஓடவில்லை. அந்தப் பக்கம் எங்கள் பெட்ரூம். ஏசி 22-ல் ஓடும். நடுவில் இருப்பது நாலரை இஞ்ச் செங்கல் சுவர்.

லேசர் தெர்மாமீட்டர் வாங்கி அளந்தேன். பாத்ரூம் பக்கச் சுவர் 26 டிகிரி. வெந்நீரில் குளித்தபின் உள்ளே காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 95%. அந்தக் காற்று 29 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வியர்க்கும், ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி. குளிக்காத நேரத்தில் சொட்டு தெரியாது, ஆனாலும் குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் அதிகமாகவே இருக்கும். 80% தொடர்ந்து இருந்தாலே பூஞ்சணத்துக்குப் போதும். சோப்பு அழுக்கு அதற்குச் சாப்பாடு.

ஆக இது க்ளீனிங் பிரச்சினையே இல்லை, வெப்பநிலைப் பிரச்சினை. ஏசியை 26-க்கு ஏற்றினோம் (வீட்டில் இதற்குத்தான் பெரிய சண்டை). சுவர் 28-ஐத் தொட்டது. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரை வழித்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்தபின் அரை மணி நேரம். மழைநாளில் வெளிக்காற்றே ஈரம்தான், ஆனாலும் குளித்த பாத்ரூம் காற்றைவிடத் தேவலை. உப்பிப்போன புட்டியைச் சுரண்டி எடுத்தோம். பையனை வெளியே அனுப்பிவிட்டு, மாஸ்க் போட்டு, சுவரை நனைத்துச் சுரண்டினோம். காய்ந்ததைச் சுரண்டினால் அதன் தூள் வீடு முழுக்கப் பறக்கும்.

போன மழைக்கு நெபுலைசர் வெளியே வரவில்லை. ஒரே ஒரு பையன், ஒரே ஒரு மழைக்காலம். இதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தவும் இல்லை.

சீலிங் மூலையில் இந்த மாசம் புதிதாக ஒரு மஞ்சள் கறை. அது மேல்வீட்டு லீக். அதற்கு தெர்மாமீட்டர் உதவாது, அசோசியேஷன் மீட்டிங்தான்.