பெரிதாகக் காட்டினால் போதுமா?

கடையில் ஒரே விலையில் இரண்டு தொலைநோக்கிகள் இருக்கின்றன. ஒன்று 4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மற்றொன்று 12 மடங்கு. எதை வாங்குவீர்கள்? "இதிலென்ன கேள்வி? 12 மடங்குதான்!" என்று சொல்லத் தோன்றும். அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்று முதன்முதலாகத் துப்பாக்கித் தொலைநோக்கி வாங்கப் போகிறவரும் பெரும்பாலும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் காட்டில் பழகிய வேட்டைக்காரர், கையில் பணம் குறைவாக இருந்தால், 4 மடங்கையே எடுத்துக்கொள்வார். ஏன் என்பதற்கான விடை உங்கள் இயற்பியல் புத்தகத்தின் ஒளியியல் பாடத்தில் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

மங்கிய ஒளியில் ஒரு தேர்வு

நம் நாட்டில் மானை வேட்டையாடுவது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே ஓநாய், மலைச்சிங்கம் முதலிய விலங்குகள் பல மாநிலங்களிலிருந்து மறைந்துவிட்டன. தின்பாரில்லாத வெள்ளைவால் மான்கள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே வளரவிடாமல் செய்கின்றன; சாலைகளில் கார்கள்மீது மோதுகின்றன. எனவே மாநில அரசுகள் உரிமம் வழங்கி, பருவம் குறித்து, எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி வேட்டையை அனுமதிக்கின்றன.

வெள்ளைவால் மான் விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும்தான் அதிகமாக நடமாடும். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, மறைவுக்கு அரை மணி பின்பு வரை சுட அனுமதி உண்டு. ஆகவே தொலைநோக்கிக்கு உண்மையான தேர்வு நண்பகலில் இல்லை; அந்த மங்கிய ஒளியில்தான்.

மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலமே இருக்கும். குண்டு அங்கே பட்டால் விலங்கு விரைவில் இறந்துவிடும். தவறி வேறிடத்தில் பட்டாலோ, காயத்துடன் காட்டுக்குள் ஓடி, பல மணி நேரம் துடிக்கும். தவறான கருவியை வாங்கியவர் இழப்பது பணத்தை மட்டும்தான், துன்பமெல்லாம் மானுக்கு.

குழாய்க்குள் ஒரு சிலந்தி

துப்பாக்கித் தொலைநோக்கியின் முன்முனையில் இருப்பது பொருளருகு வில்லை. அது தூரத்து மானின் பிம்பத்தைத் தலைகீழாகக் குழாய்க்குள் விழச் செய்கிறது. நடுவிலுள்ள வில்லைகள் அந்தப் பிம்பத்தை நிமிர்த்துகின்றன. பின்முனையிலுள்ள கண்ணருகு வில்லை, நிமிர்ந்த பிம்பத்தைப் பெரிதாக்கி நம் கண்ணுக்குக் காட்டுகிறது.

குறிபார்ப்பதற்கான குறுக்குக் கம்பிகள், பிம்பம் விழும் அதே தளத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் மானும் கம்பியும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும். இந்த உண்மையைச் சுமார் 1640இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வானியலாளர் வில்லியம் காஸ்காய்ன். அவருடைய தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டதாம். அந்த நூல், பிம்பத்தோடு சேர்ந்து பளிச்சென்று தெரிந்தது. குறிபார்க்க இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா என்று அவர் எண்ணினார். குறுக்குக் கம்பி பிறந்த கதை இதுதான்.

நெடுங்காலம் இத்தகைய தொலைநோக்கிகள் விலை மிகுந்த பொருள்களாகவே இருந்தன. 1930இல் அமெரிக்காவில் பில் வீவர் என்ற இளைஞர், சுமார் 3 மடங்கு பெரிதாக்கும் எளிய தொலைநோக்கி ஒன்றை 19 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். சாதாரண விவசாயியும் வாங்கக்கூடிய விலை அது. கவனியுங்கள், வெறும் 3 மடங்குதான்!

எண்கள் சொல்லும் செய்தி

இத்தகைய கருவியின்மீது 4×32 என்றோ 3-9×40 என்றோ பொறித்திருப்பார்கள். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் பொருளருகு வில்லையின் விட்டம், மி.மீ. அளவில். 3-9 என்றால், வளையத்தைத் திருகி 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம் என்று பொருள்.

முதலில் 4 மடங்கு போதுமா என்று கணக்கிடுவோம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். இக்கோணத்துக்கு ஒரு கலை என்று பெயர். 100 மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது சுமார் 2.9 செ.மீ. அதாவது வெறுங்கண்ணால் அங்கே 3 செ.மீ. அளவுள்ள நுணுக்கம்வரை காணலாம். 4 மடங்குத் தொலைநோக்கி இதை 0.7 செ.மீ. ஆக்கிவிடுகிறது. நாம் குறிபார்க்க வேண்டியதோ 20 செ.மீ. அகலமுள்ள இடம். இதற்கு மேல் பெருக்கி என்ன பயன்?

பயன் இல்லாதது மட்டுமன்று, தொல்லையும் உண்டு. பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். 100 மீட்டர் தூரத்தில் 4 மடங்கில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரியும். 9 மடங்கில் சுமார் 4 மீட்டர்தான். மரங்களுக்கிடையே நகரும் மானை அந்தச் சிறு வட்டத்துக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். கை நடுக்கமும் அதே அளவு பெருகித் தெரியும்.

வெளிச்ச வட்டம்

இப்போது அந்திக்கு வருவோம். தொலைநோக்கியிலிருந்து வெளிவரும் ஒளிக் கற்றைக்கு ஒரு விட்டம் உண்டு. அதைக் காண்பது எளிது: வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும்.

4×32: 32 ÷ 4 = 8 மி.மீ.
9×40: 40 ÷ 9 = 4.4 மி.மீ.
12×40: 40 ÷ 12 = 3.3 மி.மீ.

நம் கண்ணின் பாவை வெயிலில் 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். இருளில், இளம் வயதினருக்கு ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற இந்த விரிவு குறையும். நண்பகலில் 3.3 மி.மீ. கற்றையே பாவையை நிரப்பிவிடும்; எல்லாக் கருவிகளும் நன்றாகத் தோன்றும். அந்தியிலோ விரிந்த பாவைக்கு 12×40 பாதி விட்டத்துக்கும் குறைவான கற்றையைத் தருகிறது, காட்சி இருண்டுவிடும். 4×32 பாவையை முழுவதும் நிரப்புகிறது. கடைக்காரரின் பிரகாசமான விளக்கொளியில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது!

இன்னொரு வியப்பு: எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், வில்லைகளால் மட்டும் ஆன எந்தத் தொலைநோக்கியும் மானை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாகக் காட்டாது. வில்லை அதிக ஒளியைச் சேர்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் பெரிதாகிய பிம்பத்தின் பரப்பில் அந்த ஒளி பரவிவிடுகிறதல்லவா?

ஒளி எங்கே தொலைகிறது?

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் எதிரொளித்துவிடும். குழாய்க்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் என்ன ஆகும்? 0.96ஐப் பத்துமுறை பெருக்கிப் பாருங்கள். விடை 0.66. மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போயிற்று!

1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா இதற்கு வழி கண்டார். கண்ணாடிமீது மிக மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றினால், பூச்சின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பல அடுக்குப் பூச்சினால் இழப்பை ஒரு பரப்புக்கு அரைச் சதவீதமாகக் குறைத்தால், பத்துப் பரப்புகளையும் கடந்து 95 சதவீத ஒளி வந்துசேரும். ஆகவே சிறு பணத்தைப் பெரிய வில்லைக்குச் செலவிடுவதைவிட நல்ல பூச்சுக்குச் செலவிடுவதே மேல்.

உதையும் தாங்கவேண்டும்

நியூட்டனின் மூன்றாம் விதியை மறந்துவிடாதீர்கள். குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். கண்ணைத் தொலைநோக்கிக்கு மிக அருகில் வைத்திருந்தால் புருவம் கிழிந்துவிடும். எனவே கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இடைவெளி விட்டும் முழுக் காட்சி தெரியும்படி இதை அமைக்கிறார்கள். சாதாரண பைனாகுலரில் இவ்வளவு இடைவெளி இல்லை.

குண்டும் நேர்கோட்டில் போவதில்லை. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் சென்றால் 100 மீட்டரைக் கடக்க 0.125 வினாடி ஆகும். அதற்குள் அது விழும் தூரம் ½ × 9.8 × 0.125 × 0.125 = 0.077 மீட்டர், அதாவது சுமார் 8 செ.மீ. 200 மீட்டரில் 30 செ.மீ.க்கு மேல். இதை ஈடுசெய்யவே குழாயின்மீது இரு திருகுகள் இருக்கின்றன. திருகு ஒருமுறை 'கிளிக்' என்றால் பொதுவாகக் கால் கலை நகரும். 100 மீட்டரில் இது 0.7 செ.மீ. குண்டுகள் 7 செ.மீ. தாழ்வாகப் பட்டால் எத்தனை கிளிக் திருப்பவேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்: பத்து.

உதைக்குப் பின் உள்ளே இருக்கும் வில்லை ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் வீண். மலிவான கருவியின் பெரிய குறை இதுவே. பெருக்கத்தை மாற்றும் தொலைநோக்கியில் நகரும் பாகங்கள் அதிகம். நிலையான 4 மடங்குக் கருவியில் அவை குறைவு. ஆகவே அதே விலையில் உறுதியான அமைப்பும் நல்ல கண்ணாடியும் கிடைக்கும். பழகிய வேட்டைக்காரரின் தேர்வுக்குக் காரணம் புரிகிறதா? மீதிப் பணத்தில் அவர் துப்பாக்கியோடு இணைக்கும் நல்ல பிடிவளையங்களை வாங்குவார். பிடி ஆடினால் எந்த வில்லையும் காப்பாற்றாது.

ஒரு பைனாகுலரும் கட்டாயம் வேண்டும். துப்பாக்கித் தொலைநோக்கியால் எதைப் பார்த்தாலும் துப்பாக்கியும் அதை நோக்கியே நீண்டிருக்கும். புதருக்குப் பின் அசைவது மானா மனிதரா என்று அதன் வழியே பார்ப்பது, மனிதர்மீது துப்பாக்கியை நீட்டுவதாகும்.

இனி உங்கள் முறை

கிண்டியிலும் கோடியக்கரையிலும் வெளிமான்களைக் காணலாம். அவற்றைப் பார்க்கத் துப்பாக்கி வேண்டாம். ஒரு பைனாகுலர் போதும். சேமித்த பணத்தில் வாங்கும்போது மேலே படித்த அதே கணக்குகள் உதவும். கடைக்கு ஒரு அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள்.

1. பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண்ணருகு வில்லையில் ஒளி வட்டம் ஒன்று தெரியும். அதை அளந்து பாருங்கள். 8×40 என்று எழுதியிருந்தால் வட்டம் 5 மி.மீ. இருக்கவேண்டும். 3 மி.மீ.தான் இருந்தால் எழுதியிருப்பது பொய்.

2. முன் வில்லையில் குழல் விளக்கின் எதிரொளிப்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. மங்கலான ஊதா அல்லது பச்சை நிறமாகத் தெரிந்தால் பூச்சு உண்டு. கண்ணைப் பறிக்கும் சிவப்பைக் கண்டு மயங்காதீர்கள். அது சிவப்பு ஒளியை வெளியே திருப்பியனுப்பிவிட்டு, காட்சியை நீலம் கலந்ததாக்கிக் காட்டும்.

3. முடிந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் வாசலுக்குக் கொண்டுவந்து, மரநிழலில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிட இதைவிட நல்ல சோதனை இல்லை.

4. குழாயைக் குலுக்கினால் கடகடவென்று ஒலி வரக்கூடாது. வில்லையில் சிலந்தி வலைபோல் படிந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஈரக்காற்றில் அது எளிதில் வளரும். ஆகவே வாங்கிய பின்னும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனைப் பார்க்காதீர்கள். நொடிப்பொழுதில் விழித்திரை எரிந்துவிடும்.

அடுத்த முறை ஒருவர் "எங்களிடம் 50 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னால், "முன் வில்லை எத்தனை மி.மீ.?" என்று கேளுங்கள். விடை 50 என்றால் மனத்துக்குள் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு மி.மீ. ஒளிக் கற்றை! அதை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது இனி உங்களுக்குக் கடினமாக இராது.