ஏரா, சர்ஃபேஸா? கூரியர் நிறுவனத்துக்கு லாபம் தருவது விமானமா, லாரியா?

மதுரையில் ஒரு சுங்குடிச் சேலையை டெல்லிக்கு கூரியர் போடப் போனால் கவுன்டரில் கேட்கும் முதல் கேள்வி: "ஏர்ல போடணுமா, சர்ஃபேஸ்ல போடணுமா?" ஏர் என்றால் காசு கூட. அப்போ கம்பெனிக்கு லாபமும் அதில்தான் கூட என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை.

சொந்த விமானம் வைத்திருக்கும் ப்ளூ டார்ட்டைப் பார்ப்போம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அதன் விமானப் பிரிவு 1996 முதல் இயங்குகிறது. அந்த விமானங்கள் பறப்பது பெருநகரங்களுக்கு இடையேதான். மதுரைப் பார்சல் முதலில் வேன் ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். இல்லையென்றால் பயணிகள் விமானத்தின் வயிற்றில் இடம் பிடிக்க வேண்டும். ஆக, 'ஏர்' பார்சலுக்கும் பாதி வேலை ரோட்டில்தான்.

சரக்கு விமானம் நிரம்பினாலும் காலியாகப் போனாலும் பைலட் சம்பளம், பராமரிப்பு, பார்க்கிங் எதுவும் குறையாது. எரிபொருள் செலவும் பெரிதாக இறங்காது. பாதி காலி என்றால் கையைக் கடிக்கும். செலவைத் தாண்டி நிரம்பிவிட்டால், அதற்குப் பிறகு ஏறும் ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட முழு லாபம்.

எடையோடு இடத்துக்கும் காசு கேட்பது இதனால்தான். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். பக்கத்துக்கு 40 செ.மீ. உள்ள பெட்டியில் 2 கிலோ தலையணை வைத்தாலும் பில் 12.8 கிலோவுக்கு!

லாரி கதை வேறு. சென்னை–மதுரை சுமார் 460 கி.மீ. சாயங்காலம் கிளம்பிய வண்டி விடிவதற்குள் வந்துவிடும். தீபாவளி நெரிசலுக்குக் கூடுதல் லாரியை வாடகைக்கு எடுத்து, பண்டிகை முடிந்ததும் விட்டுவிடலாம். விமானத்தை அப்படி விட முடியுமா? பெரும்பாலும் சாலைவழியை நம்பும் டெல்லிவரி, 2011-ல் தொடங்கி, முழு ஆண்டு லாபத்தை முதன்முறையாகக் காட்டியது 2024-25-ல். அமெரிக்காவின் ஃபெடெக்ஸிலும் தரைப்பிரிவின் லாப விகிதம் பல ஆண்டுகள் விமானப் பிரிவைவிட அதிகம். 2024 ஜூனில் இரண்டையும் ஒரே நிறுவனமாக இணைத்துவிட்டார்கள். ஒரே தெருவுக்கு ஒரே கம்பெனியின் இரண்டு வேன்கள் போனால் யாருக்கு லாபம்?

அந்தக் கடைசித் தெருவில்தான் பாதி லாபம் கரைகிறது. கே.கே. நகர் அபார்ட்மென்ட்டில் ஒரே வாசலில் ஆறு பார்சல் கொடுத்துவிடலாம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் ஒரு பார்சலுக்காகப் பல கிலோமீட்டர் பைக் ஓட வேண்டும். போனால் "நாளைக்கு வாங்க தம்பி" என்பார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் "வேணாம்" என்றே சொல்லிவிட்டால் போன வழியே திரும்பும் செலவும் சேரும். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டெலிவரி ஊழியருக்கு, அலைந்த அலைச்சல் பல நேரம் கணக்கிலேயே வராது.

அடுத்த முறை சென்னைக்கு அனுப்ப "ஏர்ல போடுங்க சார்" என்றால், சர்ஃபேஸில் எப்போது சேரும் என்று முதலில் கேளுங்கள். ரெண்டுக்கும் பதில் "நாளைக்கு" என்று வந்தால் காசு மிச்சம்.