மாயா பஜாரும் மழலைச் செவியும்

1976-ஆம் ஆண்டில் பம்பாயின் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் டிராம்பேயை அடுத்துக் குடியமர்ந்த இடம் சீத்தா கேம்ப். தமிழர் பலர் அங்கு வாழ்கின்றனர். தெருவில் இந்தி பேசி விளையாடிவிட்டு வரும் குழந்தை, பாட்டி தமிழில் கதை சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே எழுந்து போய்விடுகிறது. வெளிமாநிலத்துத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் காணும் காட்சியே இது. அக்குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு காணத்தக்க படம் யாது என வினவினால், ‘மாயா பஜார்’ என்போம்.

கே. வி. ரெட்டியின் இயக்கத்தில், விஜயா நிறுவனத்தார் 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிட்ட படம் அது. பாண்டவர் நாடிழந்ததும், பலராமர் தம் மகள் வத்ஸலாவை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாகச் சொன்ன சொல்லை மறந்து, துரியோதனன் மகன் லக்ஷ்மணகுமாரனுக்கு மணம் பேசுகிறார். கண்ணனும் கடோத்கஜனும் கூடி அம்மணத்தைக் குலைக்கின்றனர். வியாச பாரதத்தில் இல்லாத கதை. நாட்டார் வழக்கில் வளர்ந்தது.

நடிகர் தேர்வை நோக்குவோம். கண்ணனாக என். டி. ராமராவ், கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ், வத்ஸலாவாக சாவித்திரி ஆகிய மூவரும் இரு மொழிக்கும் பொதுவானவர்கள். அபிமன்யுவோ தெலுங்கில் நாகேசுவர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். லக்ஷ்மணகுமாரன் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் கே. ஏ. தங்கவேலு.

இவ்வேறுபாட்டில் ஒரு பாடம் உண்டு. ரங்காராவ் கலியாண விருந்தை உண்ணும் காட்சியில், பண்டங்கள் தாமே நகர்ந்து அவர் வாயை அடைகின்றன. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரம் அது. அந்தப் பேருருவையும் பெருஞ்சிரிப்பையும் வியக்க எம்மொழியும் வேண்டுவதில்லை, கண் போதும்.

சாவித்திரியின் பணி அதனினும் நுட்பமானது. கடோத்கஜன் வத்ஸலாவின் வடிவெடுத்து மணமகளாக அமரும்போது, மென்மையான மேனிக்குள் அரக்கனின் நடையும் மிடுக்கும் எட்டிப்பார்க்கின்றன. “இவள் யார்?” என்று கேட்டுப் பாருங்கள், குழந்தை உடனே கண்டுகொள்ளும்.

தங்கவேலுவிடம் வந்ததும் நிலைமை மாறுகிறது. அவருடைய இழுப்பும் குழைவும் வீறாப்பும் தமிழ்ச் சொல்லிலேயே குடியிருக்கின்றன. வியப்பு எல்லார்க்கும் பொது. நகைச்சுவை செவியின் பழக்கம். ஆதலின்றோ அப்பாத்திரத்திற்கு மொழிக்கொரு நடிகர் வேண்டியிருந்தது!

ஆகவே, பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுதான். விருந்துக் காட்சியில் குழந்தை குதூகலித்தால் மகிழுங்கள். ஆனால் அதனோடு நிறைவடைந்துவிடாதீர்கள். தங்கவேலு பேசுகையில் அது விழித்தால், உடனே இந்தியில் பொருள் கூறிவிடாமல், அதே பேச்சை மறுபடியும் கேட்கச் செய்யுங்கள். நீங்களும் நடித்துக் காட்டுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பது பிறகு வரலாம். நீங்கள் எடுத்துச் சொல்லாமலே, உங்களுக்கு முன்னதாக அக்குழந்தை சிரித்துவிடுமானால், வீட்டில் தமிழ் நிலைத்துவிட்டது என்று நம்பலாம்.