ஸ்பீக்கர் ஒயரும் ஹால் சுவரும்

பாட்டு தெளிவாக இல்லை என்றதும் பலர் ஆயிரக்கணக்கில் கொடுத்து முதலில் மாற்றுவது ஸ்பீக்கர் ஒயரைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 கேஜ் செம்பு ஒயர், 3 மீட்டர், போக வர 6 மீட்டர்: மின்தடை சுமார் 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் இழப்பு 0.1 டெசிபல்கூட இல்லை. காதுக்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபயர் வாட்ஸை இரட்டிப்பாக்கினாலே கிடைப்பது 3 டெசிபல்தான்.

அறை செய்யும் வேலை வேற லெவல். என் ஹால் நீளம் 4.2 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும்; அப்போ எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 41 ஹெர்ட்ஸில் நிலை அலை உண்டாகும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியும் அதே 41தான்! அந்த ஒரு ஸ்வரம் மட்டும் சுவரோரம் பூதாகரமாகக் கேட்கும், ஹால் நடுவில் காணாமல் போகும். இதை எந்த ஒயர் சரிசெய்யும்?

ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்க, சோபாவைப் பின்சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளுங்க. செலவு: முதுகுவலி. அடுத்தது தரைக்குக் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை. (இவை கீச்சென்ற எதிரொலியை அடக்கும், பேஸை அல்ல.) அப்புறமும் திருப்தி இல்லைன்னா ஸ்பீக்கரையே மாத்துங்க, ஆம்ப்ளிஃபயர் அதுக்கும் பிறகுதான்.