மூன்று அரை நாளும் முழு வயிறும்

“வாத்தியாருக்கென்ன குறை? நிழலில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம்!” தேநீர்க் கடைகளில் இந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். தொழிலாளத் தோழர்களிலும் சிலர் இப்படி எண்ணுவதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

ஆசிரியர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். 2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி முதலியவற்றைக் கற்பிக்கப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். ஊதியம் திங்களுக்கு 5,000 ரூபாய். அதற்குப் பெயர் தொகுப்பூதியம். பெயர் பெரிது, உள்ளே அகவிலைப்படி கிடையாது. அந்த 5,000 படிப்படியாக ஏறி 10,000 ஆனது 2021-இல். பின்னர் மேலும் உயர்ந்தது என்றாலும், அந்த இரட்டிப்புக்கே ஒன்பது ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் மே வந்தால் பள்ளிக்கு விடுமுறை. அவர்கள் அடுப்புக்கும் விடுமுறை. மே மாதத்துக்குச் சம்பளமே இல்லை.

2021-இன் அந்தப் பத்தாயிரத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். வீட்டு வாடகை 3,500 என வைப்போம். பால் நாளுக்கு அரை லிட்டர், 20 ரூபாய் வீதம் 600. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் சமையல் எரிவாயு 915 ரூபாய். நாம் 900 என்றே போடுவோம். பருப்பு, எண்ணெய், காய், புளி, மிளகாய் 2,500. பள்ளிக்குப் போய்வர 1,000. ஆக 8,500. அரிசி ரேஷன் கடையில் விலையில்லாமல் கிடைப்பதால்தான் உலை கொதிக்கிறது!

மீதி 1,500. குழந்தைக்குக் காய்ச்சல் வரும். தங்கை வீட்டில் காதுகுத்து வரும். பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம் வரும். மூன்றும் சேர்ந்து வந்தால் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். ஒன்றும் வராமல் ஆறு மாதம் சேர்த்தால்தான், ஊதியமில்லாத ஒரு மே மாதத்தைத் தாண்ட முடியும்.

“வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலைதானே?” என்பார்கள். உண்மைதான். ஆனால், வாரத்தில் மூன்று நாள் பாதிப் பொழுதுக்குப் பள்ளிக்கு ஓடுகிறவனை எந்த ஆலை வேலைக்கு வைத்துக்கொள்ளும்? எந்தக் கடை முழுச் சம்பளம் தரும்? வேலை அரை நாள் என்பதால் பசியும் அரை வயிற்றோடு நின்றுவிடுமா?

தோழர்களே! அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் யார்? சீமான் வீட்டுச் செல்வங்களா? நம் வீட்டுப் பிள்ளைகள்! அவர்கள் கையில் தூரிகையையும் பந்தையும் கொடுப்பவர் கடன்காரனுக்கு அஞ்சி ஒளிந்து நடந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா?

முழு நேர வேலை, காலமுறை ஊதியம் என்று அவர்கள் கேட்டார்கள். அது சலுகையன்று, கூலி. கூலியின் அருமை நமக்குத் தெரியும். அடுத்த முறை தேநீர்க் கடையில் அந்தப் பேச்சு எழுந்தால், இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்!